சிறிய கடைக்கு மட்டும் ஏன் பூட்டு?

நாடு ஒன்று; 2017 முதல் ஜி.எஸ்.டி.யும் ஒன்று. ஆனால் கடைச் சட்டம் மட்டும் ஊருக்கு ஊர் வேறு.

மும்பையைப் பாருங்கள். மகாராஷ்டிரத்தின் 2017-ஆம் ஆண்டுக் கடைகள் சட்டம் வந்தபோதே, 10 பேருக்குக் குறைவான ஆட்கள் உள்ள கடைக்காரர் தொழில் தொடங்கிய தகவலைத் தெரிவித்தால் போதும் என்றிருந்தது. பதிவுச் சான்று தேவையில்லை. அங்கே சிறியவருக்குச் சலுகை.

சென்னையில் நேர்மாறு. 2019-இல் பிறப்பிக்கப்பட்டு, பின்னரும் நீட்டிக்கப்பட்ட அரசாணை, 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகளுக்கே 24 மணி நேர அனுமதி தந்தது. பெரிய அங்காடி விடிய விடிய வியாபாரம் செய்யலாம். இரண்டு ஆட்களை வைத்திருக்கும் மளிகைக் கடைக்காரர் நேரம் பார்த்து ஷட்டரை இறக்க வேண்டும். இது என்ன நியாயம்?

வேலையாட்களின் 8 மணி நேரத்தையும் வார விடுமுறையையும் காக்க வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. அதைச் சிறிய கடையும் பதிவேட்டில் காட்ட முடியும். ஆகவே 10 பேர் என்ற வரம்பை அரசு நீக்க வேண்டும். ஊர்தோறும் நம் சங்கங்கள் தீர்மானம் நிறைவேற்றி அனுப்புவோம். சில்லறைக் கடை படுத்தால் மொத்த வியாபாரமும் எழுந்து நிற்காது.