புதுப்பித்தலா, பாதுகாத்தலா?

பழைய ஆகாய விமானங்களைப் போற்றுவோர் இரு திறத்தினர். புதியது போலாக்கி நிறுத்துதல் வேண்டும் என்பர் ஒரு சாரார். கிடைத்த நிலையிலேயே மேலும் அழியாது காத்தல் வேண்டும் என்பர் மற்றொரு சாரார். ஆங்கிலேயர் 6,000-க்கு மேற்படச் செய்த ஹாலிபாக்ஸ் என்னும் குண்டுவீச்சு விமானங்களுள் எஞ்சியவை மிகச் சில. அவற்றுள் நார்வே தேசத்து ஏரிகளினின்று மீட்கப்பட்ட இரண்டு, இவ்வழக்கிற்குத் தக்க சான்றுகளாம்.

ஒன்று, 1942-ம் வருஷம் ஏப்ரல் மாதம் திர்பிட்ஸ் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பலைத் தாக்கச் சென்று, பீரங்கியால் அடிபட்டு, உறைந்த ஹோக்லிங்கன் ஏரிமீது இறங்கி, அதனுள் மூழ்கியது. 1973-ல் எடுக்கப்பட்ட அது, லண்டன் ஹெண்டனிலுள்ள விமானப்படைக் காட்சிச்சாலையில் சிதைந்த கோலத்துடனேயே வைக்கப்பட்டது. மற்றொன்று, 1945 ஏப்ரலில் மியோசா ஏரியில் வீழ்ந்தது; 1995-ல் மீட்கப்பட்டு, கனடாவின் டிரென்டன் நகரில் பல்லாண்டு உழைப்பால் முழு உருவம் பெற்றது.

தொழிற்சாலையினின்று வெளிவந்த விமானம் எவ்வாறிருந்தது என்பதைப் பின்னது காட்டும். அப்பயன் சிறிதன்று. ஆயினும், நெளிந்த தகடுகளையும் நைந்த உறுப்புகளையும் மாற்றிவிட்டால், யுத்தம் செய்தது யாதென்று எது சாட்சி கூறும்? புது வர்ணத்தை நாளையும் பூசலாம். சுரண்டியெறிந்த பழைய வர்ணத்தை மீண்டும் பெறுதல் எவராலும் இயலாது.

ஆதலின், காத்தலே முதற்கடன். அவ்வினத்தில் வேறொன்று தொடப்படாது நிலைத்திருப்பின் மட்டுமே புதுப்பித்தல் தகும். அப்போதும், கழற்றிய உறுப்பு ஒவ்வொன்றையும் குறித்துவைத்துப் பேணுதல் வேண்டும் என்பதே எமது துணிபு.