ஊசியும் போடுவேன், கபடியும் ஆடுவேன்!



எங்கள் சிவகாசிப் பக்கம் 'மருந்து' என்றால் பட்டாசுக்குள் போகிற மருந்துதான். எனக்கு மட்டும் இன்னொரு மருந்தும் உண்டு. தினமும் வயிற்றில் குத்திக்கொள்கிற இன்சுலின். பதிமூன்று வயதில் ஆரம்பித்தது. டைப் 1 சர்க்கரை நோய். மிட்டாய் தின்று வந்ததல்ல. கணையம் இன்சுலின் சுரப்பதை நிறுத்தியதால் வந்தது.

முதலாம் ஆண்டில் ஒரு சாயங்காலம் கபடி ஆடும்போது கை நடுங்கியது. குப்பென்று வியர்த்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வலிப்பு என்று நினைத்து ஒருவன் சாவிக்கொத்தைக் கையில் திணித்தான். இன்னொருவன், "மாப்ளைக்கு சுகர்டா, இனிப்பு எதையும் குடுத்துராதீங்க!" என்றான். அந்த நேரத்தில் எனக்குத் தேவைப்பட்டதே இனிப்புதான்! டீக்கடை அண்ணாச்சி ஒரு கலரை உடைத்துக் கொடுத்தார். பிழைத்தேன்.

மறுவாரம் டீமில் என் பேர் இல்லை. "உனக்கெதுக்குப்பா ரிஸ்க்கு?" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் அது சரியா? சரியில்லை என்பதே என் வாதம்.

மெக்கானிக்கல் நண்பர்களுக்கு கவர்னர் தெரியும். லோடுக்குத் தக்கபடி எரிபொருளை அதுவே கூட்டும், குறைக்கும். உங்கள் உடம்பிலும் அப்படித்தான். ஓடத் தொடங்கினால் இன்சுலின் தானாகக் குறையும். நான் போட்ட ஊசி குறையாது. தசையும் சர்க்கரையை இழுக்கும், ஊசியும் இழுக்கும். அளவு சரிந்துவிடும். சில நாள் போட்டிப் பதற்றத்தில் அட்ரினலின் சுரந்து ஏறவும் செய்யும். அதனால் கவர்னர் வேலையை நான் கையால் பார்க்கிறேன். அவ்வளவுதான்!

ஆடுவதற்கு முன் விரலில் குத்திப் பார்ப்பேன். 90-க்குக் கீழே என்றால் ஒரு வாழைப்பழம். 250-ஐத் தாண்டினால் சிறுநீரில் கீட்டோன் பார்ப்பேன். இருந்தால் அன்று ஆட்டம் கிடையாது. ஓடப்போகும் நாளில் தொடையில் ஊசி போடமாட்டேன். அங்கிருந்து மருந்து சீக்கிரம் ஏறிவிடும். ஆட்டத்தில் 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சீனி, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சோதனை. அந்த நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் கோவில்பட்டி கடலைமிட்டாயும் உதவாது. அவற்றிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும். ஆடி முடித்த ராத்திரியிலும் அளவு இறங்கலாம் என்பதால் படுக்கும் முன் ஒருமுறை பார்ப்பேன். ஊசி அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டரைக் கேட்டுத்தான்.

இப்படி ஆட முடியுமா என்கிறீர்களா? 1999 ஜனவரி. சென்னை சேப்பாக்கம் டெஸ்ட். இந்தியாவை 12 ரன்னில் பாகிஸ்தான் வென்றது. தோற்றது நாம் என்றாலும் மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. அந்த அணியின் கேப்டன் வாசிம் அக்ரம் 1997-லிருந்து சர்க்கரை நோயாளி, இன்சுலின் போடுபவர்! அதற்குப் பிறகும் 2003 வரை பந்து வீசினார். அமெரிக்க நீச்சல் வீரர் கேரி ஹாலுக்கு 1999-ல் டைப் 1 என்று தெரிந்தது. 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கில் தங்கம்!

பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் என் அப்பா சொல்வார்: "மருந்துக்குப் பயப்படக் கூடாதுடா, மரியாதை குடுக்கணும்." பருத்திச் சட்டை போடுவது, வெயிலைப் பார்த்து வேலை செய்வது எல்லாம் அந்த மரியாதைதான். என் மருந்துக்கும் அதே நியாயம்தானே?

உங்களிடம் நான் கேட்பது மூன்றுதான். மைதானத்து முதலுதவிப் பெட்டியில் ஒரு பொட்டலம் சீனியோ குளுக்கோஸோ இருக்கட்டும். மயங்கிக் கிடப்பவன் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். மூன்றாவது, இரக்கப்பட்டு எவன் பேரையும் டீமிலிருந்து அடிக்காதீர்கள். நோயை மறைத்துக்கொண்டு ஆடுகிறவனுக்குத்தான் உண்மையான ஆபத்து. சொன்னால் பேரை அடித்துவிடுவார்கள் என்று பயந்தால் எவன் சொல்வான்?

சிந்தியுங்கள் நண்பர்களே!

— மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன்