ஆட்டுக்கறி, தேங்காய்ப்பால் சோறு, கீரை... ஆனால் இது ஜமைக்கா கடை!

ஜமைக்கா என்றதும் நமக்கு என்னவெல்லாம் ஞாபகத்துக்கு வரும்? உசேன் போல்ட்டின் ஓட்டம், கிறிஸ் கெய்லின் சிக்ஸர், பாப் மார்லி முகம் போட்ட டி-ஷர்ட். அரசியல் செய்தி படிப்பவர்களுக்கு, கமலா ஹாரிஸுடைய அப்பாவின் ஊர். ஆனால், அந்த ஊர்க்காரர்கள் மத்தியானம் என்ன சாப்பிடுவார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் மௌனம்தான்.

இந்த வாரம் அந்தத் தட்டைத்தான் பார்க்கப்போகிறோம். அதைச் சாப்பிட ஜமைக்காவுக்கே போக வேண்டியதில்லை. நான் சாப்பிட்டது கனடாவில், டொரன்டோவின் கிழக்கே ஸ்கார்பரோவில். என்னோடு டிப்ளமோ படித்த தோழி இப்போது அங்கே மேற்படிப்பு படிக்கிறாள். அவளைப் பார்க்க பத்து நாள் போயிருந்தேன். ஈழத்தமிழர்கள் நிறைந்த பகுதி என்பதால் கடைவரிசையில் தமிழ் போர்டுகளுக்குப் பஞ்சமில்லை. அவள் தங்கியிருக்கும் தெருவில் ஒரு கொத்து ரொட்டிக் கடை, அடுத்து ஒரு சலூன், அதற்கடுத்து ஒரு ஜமைக்கா கடை. 

கடை என்றால் பெரிய ரெஸ்டாரன்ட் இல்லை. நாலே நாலு மேஜை. கண்ணாடிக்குப் பின்னால் ஆவி பறக்கும் தட்டுகளில் சாப்பாடு. நம்ம ஊர் மெஸ் மாதிரிதான். வரிசையில் நின்று, கையைக் காட்டி, “அது கொடுங்க, இது கொடுங்க” என்று வாங்க வேண்டும். பெரும்பாலானவர்கள் டப்பாவில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். கவுன்ட்டரில் இருந்த அக்காவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வருகிற எல்லோரும் அவருக்கு “மை டார்லிங்”. அந்த டார்லிங்கில் கொஞ்சலும் இருக்கும், “சீக்கிரம் சொல்லு, பின்னாடி ஆள் நிக்குது” என்ற அதட்டலும் இருக்கும்.

அவர் கேட்ட முதல் கேள்வி: “வெறும் சோறா, ரைஸ் அண்ட் பீஸா?”

தயங்காமல் இரண்டாவதைச் சொல்லுங்கள். ‘பீஸ்’ என்றதும் பச்சைப்பட்டாணி என்று நினைக்காதீர்கள். அவர்கள் ஊரில் அது ராஜ்மா. கிறிஸ்துமஸ் சமயத்தில் ‘கங்கோ பீஸ்’ போட்டுச் செய்வார்களாம். அது வேறொன்றும் இல்லை, நம்ம துவரைதான்! தேங்காய்ப்பாலில் அரிசியையும் பயறையும் ஒன்றாக வேகவைத்து, வெங்காயத்தாளும் தைம் இலையும் சேர்க்கிறார்கள். தைம், நம்ம ஓமவல்லிக்கு ஒன்றுவிட்ட தங்கை போல வாசனை. மேலே ஒரு முழு ‘ஸ்காட்ச் பானட்’ மிளகாயை மிதக்க விடுவார்கள். குட்டிப் பரங்கிக்காய் போல இருக்கும் இந்த மிளகாய் நம்ம குண்டூர் மிளகாயைவிடப் பல மடங்கு காரம். சோற்றில் அது உடையவே கூடாது. வாசனையை மட்டும் கொடுத்துவிட்டு முழுசாக வெளியே வர வேண்டும். உடைந்தால் அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் கண்ணீர்தான்.

சோற்றுக்கு மேல் கறி கோட். அதாவது ஆட்டுக்கறி. எலும்போடு சின்னத் துண்டுகளாக வெட்டி, மஞ்சள் பூத்த குழம்பில், கரண்டி பட்டாலே பிரிகிற அளவுக்கு வெந்திருந்தது. முதல் வாயில் மஞ்சள், சீரகம், வெந்தயம் எல்லாம் தெரிந்த முகங்கள். இரண்டாவது வாயில் ஏதோ ஒன்று வித்தியாசமாக எட்டிப்பார்த்தது. கிராம்பா, பட்டையா, ஜாதிக்காயா? மூன்றும் கலந்த மாதிரி ஒரு மணம். அதுதான் ‘பிமென்டோ’. கரீபியன் மண்ணின் சொந்த மிளகு. நம்மூர் சூப்பர் மார்க்கெட்டில் ஆல்ஸ்பைஸ் என்று விற்பது இதைத்தான்.

ஆட்டுக்கறிக் குழம்பு அந்தத் தீவுக்கு எப்படிப் போனது? கப்பலில்தான். ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகள் 1838-ல் முழு விடுதலை பெற்றார்கள். குறைந்த கூலிக்கு ஆள் தேடிய தோட்ட முதலாளிகளின் பார்வை இந்தியா பக்கம் திரும்பியது. 1845 மே 10-ம் தேதி, ‘பிளண்டெல் ஹன்டர்’ என்ற கப்பல் ஏறத்தாழ 260 இந்தியர்களோடு ஓல்ட் ஹார்பர் பே கரையை அடைந்தது. அடுத்த 70 ஆண்டுகளில் 36,000-க்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். பெரும்பாலோர் இன்றைய உத்தரப் பிரதேசம், பீகார் பக்கத்து மக்கள். மதராஸ் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறியவர்களும் கொஞ்சம் உண்டு. அவர்கள் மூட்டையில் கொண்டுபோன ருசியோடு அந்த ஊர் பிமென்டோவும் மிளகாயும் தைமும் சேர்ந்துதான் இந்தக் குழம்பு. இன்று அது இந்திய வம்சாவளியினரின் குழம்பு மட்டுமல்ல, மொத்த ஜமைக்காவும் விசேஷ வீடுகளில் சமைக்கிற குழம்பு.

ஒரு சுவாரஸ்யம். ஆட்டுத்தலையும் காலும் போட்டு அவர்கள் வைக்கிற ‘மேனிஷ் வாட்டர்’ சூப்பைக் கல்யாண வீடுகளில் பரிமாறுவார்கள். மாப்பிள்ளைக்குத் தெம்பாம். நம்ம ஊர்ப் பெரியவர்கள் கேட்டால் இதில் என்ன புதுசு என்பார்கள்!

சைவம் சாப்பிடுகிறவர்களும் கவலைப்பட வேண்டாம். ‘கலலூ’ என்று எழுதியிருப்பதைக் கேளுங்கள். ஜமைக்காவில் அது முளைக்கீரை இனம், வெங்காயம் தக்காளியோடு வதக்கித் தருவார்கள். ஆனால் “உள்ளே மீன் கலந்திருக்கிறதா?” என்று கட்டாயம் கேட்டுவிடுங்கள், உப்புமீன் சேர்ப்பதும் உண்டு. ரஸ்தபாரி மார்க்கத்தைப் பின்பற்றுகிறவர்களின் ‘ஐட்டல்’ சமையல் என்று போர்டில் இருந்தால் பெரும்பாலும் நிம்மதியாகச் சாப்பிடலாம். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் ‘ஆக்ஸ்டெய்ல்’ பக்கம் போக வேண்டாம், அது மாட்டுவால்.

உப்புமீன் என்றேன் இல்லையா, அந்தக் கடையில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அதுதான். ஜமைக்காவின் தேசிய உணவு ‘அக்கீ அண்ட் சால்ட்ஃபிஷ்’. அக்கீ ஒரு பழம். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. மரத்திலேயே பழுத்துத் தானாக வாய் பிளந்தால்தான் பறிக்க வேண்டும், பழுக்காதது விஷம். வெந்த பிறகு பார்க்க முட்டைப் பொரியல் போலவே இருக்கும். கூடச் சேர்கிற உப்பிட்ட காட் மீன் எங்கிருந்து போனது தெரியுமா? கனடாவிலிருந்து! நியூஃபவுண்ட்லாந்து, நோவா ஸ்கோஷியா கடற்கரைகளில் பிடித்து உப்பிட்டு உலர்த்திய மீனில் நல்ல ரகம் ஐரோப்பாவுக்குப் போகும். மட்டமான ரகம் கரீபியன் அடிமைகளின் வயிற்றுக்குப் போகும். கப்பல் திரும்பும்போது ரம்மும் கரும்புப்பாகும் ஏற்றி வரும். அப்படிக் கழித்துக்கட்டப்பட்ட மீனைத்தான் அவர்கள் தேசிய உணவாக்கி, அதை வைத்துக் கனடாவிலேயே இப்போது கடையும் நடத்துகிறார்கள்.

ஆட்கள் கனடா வந்த கதையும் லேசானதில்லை. 1955-ல் கனடா அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஜமைக்கா, பார்படாஸ் தீவுகளிலிருந்து கல்யாணமாகாத இளம்பெண்களை வீட்டு வேலைக்கு அழைத்து வந்து, ஒரு வருடம் வேலை பார்த்தால் குடியேற்ற உரிமை தருவது. ஆசிரியைகளாகவும் அலுவலகங்களிலும் வேலை பார்த்த பெண்கள்கூட அடுத்தவர் வீட்டுத் தரையைத் துடைக்க வந்தார்கள். பின்னாலேயே குடும்பங்கள் வந்தன, கடைகள் வந்தன.

அந்தக் கடைகளில் மலிவான பசிக்கு ‘பேட்டி’. மஞ்சள் நிற மாவுக்குள் காரமான கொத்துக்கறி வைத்துச் சுட்டது. நம்ம பஃப்ஸின் ஜமைக்கா பதிப்பு. டொரன்டோவில் சில மெட்ரோ ஸ்டேஷன்களிலேயே சுடச்சுடக் கிடைக்கும். இதற்காக ஒரு போரே நடந்திருக்கிறது. 1985-ல் அரசு உணவு ஆய்வாளர்கள் வந்து, “பேட்டி என்றால் சட்டப்படி பர்கருக்குள் வைக்கிற இறைச்சி வட்டம் மட்டும்தான். மாவுக்குள் வைத்துவிட்டு அந்தப் பெயரில் விற்கக் கூடாது” என்று அபராத மிரட்டல் விட்டார்கள். கடைக்காரர்கள் பெயரை விட மறுத்தார்கள். விஷயம் பத்திரிகைகளில் பெரிதாகி, கடைசியில் ‘ஜமைக்கன் பேட்டி’ என்று போட்டுக்கொள்ளலாம் எனச் சமரசம் ஆனது. புரோட்டாவை இனி வேறு பேர் சொல்லி விற்க வேண்டும் என்று மதுரையில் யாராவது சொல்லிப் பார்க்கட்டும்!

இவ்வளவு பக்கத்தில் இருக்கிற கடைக்கு என் தோழி ஒன்றரை வருடத்தில் ஒரு தடவைகூடப் போனதில்லை. ஏன் என்று கேட்டேன். வீட்டுக்கார அன்ரி வந்த முதல் வாரமே சொல்லிவிட்டாராம், “பிள்ளை, இருட்டினாப் பிறகு அந்தக் கடைப்பக்கம் போகாதையுங்கோ.”

அன்ரி பாசக்காரர். எனக்குத் தினமும் பிட்டு அவித்துத் தந்தவர். அங்கே ஏதாவது நடந்ததா என்று அவரிடமே கேட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. “அவையள் கொஞ்சப் பேர் வாசலிலை நிப்பினம்” என்றார். கொத்து ரொட்டிக் கடை வாசலிலும்தான் நம் பையன்கள் நிற்கிறார்கள். அதைச் சொன்னதும் அன்ரி சிரித்தார். பிறகு அவராகவே இன்னொன்று சொன்னார். இருபது வருடத்துக்கு முன்னால் அவருடைய மகன் நாலு கூட்டாளிகளோடு அதே பஸ் ஸ்டாப்பில் நின்றால், பார்க்கிறவர்கள் ‘தமிழ் கேங்’ என்று ஒதுங்கிப் போவார்களாம். பொலிஸ் நிறுத்தி விசாரிக்குமாம். “அப்ப எனக்கு விசர் பிடிக்கும்” என்றார்.

அன்ரியை மட்டும் சொல்வானேன். கல்யாண விளம்பரத்தில் ‘நல்ல நிறம்’ என்று போடுகிற நமக்கு, கறுப்பு என்றால் உள்ளூர ஒரு சுருக்கம் உண்டு. கடைப்படியை மிதிக்க விடாமல் தடுத்தது ஸ்காட்ச் பானட்டின் காரம் இல்லை, இதுதான். அவர்கள் சட்டியில் கொதிப்பதில் பாதி நம் வீட்டுச் சாமான் என்று தெரியாமலேயே ஒதுங்கிப் போய்க்கொண்டிருக்கிறோம்.

அன்று தோழியும் வந்தாள். ஜெர்க் சிக்கன் வாங்கினாள். பிமென்டோ, மிளகாய், தைம் அரைத்துப் பூசி, புகையில் சுட்டது. அடிமைத் தோட்டங்களிலிருந்து தப்பி மலைக்காடுகளில் வாழ்ந்த ‘மரூன்’ மக்கள் கொடுத்த சமையல். “டேய், இது நம்ம காரம்டா!” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். கவுன்ட்டர் அக்கா எங்களைக் கவனித்துவிட்டு, கேட்காமலேயே ஒரு கிளாஸ் ‘சாரல்’ கொண்டுவந்து வைத்தார். புளிச்சக்கீரைக் குடும்பத்துச் செடியின் சிவப்பு இதழ்களை இஞ்சியோடு ஊறவைத்த பானம். நாங்கள் எந்த ஊர் என்று விசாரித்தார். சென்னை என்றதும், தன் பாட்டியின் அம்மா ஒரு இந்தியப் பெண் என்றும் ஊர் பெயர் யாருக்கும் தெரியாது என்றும் சொன்னார். அதற்குள் வரிசையில் அடுத்த ஆள். “யெஸ் மை டார்லிங்?” என்று போய்விட்டார்.

உங்கள் வெளிநாட்டுப் பயணத்திலோ, பிள்ளைகள் இருக்கிற ஊரிலோ இப்படி ஒரு கடை கண்ணில் பட்டால் உள்ளே போங்கள். லண்டனின் பிரிக்ஸ்டன், நியூயார்க்கின் புரூக்ளின் என்று பல இடங்களில் உண்டு. சோற்றின் மேல் கறிக்குழம்பைக் கூடுதலாக ஊற்றச் சொல்லிக் கேட்டால் ஊற்றுவார்கள். ‘சின்ன டப்பா’ என்பதே இரண்டு பேருக்குக் காணும். மிச்சமிருக்கும் ஆட்டுக்கறி மறுநாள் காலை இன்னும் நன்றாக இருக்கும், நம்ம மீன்குழம்பு மாதிரி. மதியமே போய்விடுங்கள். சாயங்காலம் போனால் போர்டில் இருக்கிற பாதிக்கு, “ஃபினிஷ்டு, மை டார்லிங்” என்பதுதான் பதிலாக இருக்கும்.