ருசி பார்ப்பவனுக்கு விழா! உழைப்பவனுக்கு விஷமா?



கிராஃப்ட் பீர் என்று ஒன்று இருக்கிறது. பெரிய கம்பெனி ஆலையில் அல்லாமல், சிறிய ஆலைகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ச்சும் பீர் அது. பருவத்துக்கு ஒன்று என்று வெளியிடுவார்கள். சீனப் புத்தாண்டுக்கு ஒன்று, அக்டோபர்ஃபெஸ்ட் வந்தால் ஒன்று, வருடக் கடைசியில் ஒன்று. வெளியிடும் நாளில் ருசி பார்க்கும் நிகழ்ச்சி நடக்கும். சின்னச் சின்னக் கண்ணாடிக் குவளைகளில் வரிசையாக ஊற்றி வைப்பார்கள். இது எந்த ஊர் ஆலை, என்ன தானியம், சாராய அளவு எத்தனை விழுக்காடு என்று ஒருவர் நின்று விளக்குவார். வந்தவர்கள் ஒரு மிடறு குடித்துவிட்டு, “புளிப்பு கொஞ்சம் தூக்கல்” என்று கருத்துச் சொல்வார்கள்.

“நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆனது. மணிக் கணக்கில் 8 வெள்ளி 72 சென். ஒரு குவளை கிராஃப்ட் பீர் 26 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாசாயிலும் பாசிர் கூடாங்கிலும் குறைந்தபட்சச் சம்பளத்துக்குத் தொழிற்சாலையில் நிற்கும் நம் பிள்ளைக்கு அது மூன்று மணி நேர உழைப்பு. அந்த மேசையில் அவன் உட்காரப் போவதில்லை.

ஆனால் சம்பந்தம் இருக்கிறது. அந்த மேசையில் உட்காருபவனுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பும் நம் தாமான் முச்சந்தியில் பாட்டில் வாங்குபவனுக்குக் கிடைக்கும் பாதுகாப்பும் ஒன்றா? இதுதான் கேள்வி.

2017-க்குப் போவோம். கோலாலம்பூரில் பப்ளிகா பேரங்காடியில் ‘பெட்டர் பீர் ஃபெஸ்டிவல்’ என்ற கிராஃப்ட் பீர் விழா அக்டோபர் 6, 7 தேதிகளில் நடப்பதாக இருந்தது. முந்தைய ஆண்டுகளில் எந்தச் சிக்கலும் இல்லாமல் நடந்த விழாதான். பாஸ் கட்சியினர் எதிர்ப்புக் கிளப்பினார்கள். செப்டம்பரில் கோலாலம்பூர் மாநகர் மன்றம் அனுமதி மறுத்தது. அரசியல் ரீதியில் உணர்ச்சிகரமான விஷயம் என்பதே காரணமாகத் தங்களிடம் சொல்லப்பட்டது என்றார்கள் ஏற்பாட்டாளர்கள். பிறகு, பாதுகாப்பு மிரட்டல் இருந்தது என்று போலீஸ் சொன்னது. நாடே பேசியது. முஸ்லிம் அல்லாதவர்களின் உரிமை பறிபோகிறது என்று அறிக்கைகள் பறந்தன. பத்திரிகைகளில் நாள்கணக்கில் விவாதம்.

அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது, நான் மறுக்கவில்லை. சட்டப்படி உரிமம் பெற்று, முஸ்லிம் அல்லாத பெரியவர்களுக்காக ஒரு மண்டபத்துக்குள் நடக்கும் நிகழ்ச்சியை, யாரோ முகம் சுளிக்கிறார்கள் என்பதற்காகத் தடுப்பது சரியில்லை. இன்று பீர் விழா என்றால் நாளை நம் தேர் ஊர்வலத்துக்கும் இதே காரணத்தைச் சொல்லலாம்.

ஆனால் சரியாக ஓராண்டு கழித்து என்ன நடந்தது? 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்து 30-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். இறந்தவர்களிலும் பாதிக்கப்பட்டவர்களிலும் நேப்பாளம், வங்காளதேசம், மியன்மார், இந்தியா என்று பல நாட்டுத் தொழிலாளர்கள், மலேசியர்களும் இருந்தார்கள். எல்லாரும் கைக்கு எட்டிய விலையில் வாங்கிக் குடித்தவர்கள்.

ஒரு விழா ரத்தானதற்கு எழுந்த குரலில் பாதியாவது இந்தச் சாவுகளுக்கு எழுந்ததா? உரிமை உரிமை என்று எழுதிய பேனாக்கள் எங்கே போயின? ருசி பார்க்க முடியாமல் போனது உரிமை மீறல். விஷம் குடித்துச் செத்தது மட்டும் தலைவிதியா?

மெத்தனால் எப்படிக் கொல்கிறது என்று ஒவ்வொரு குடும்பமும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அது தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் திரவம். நிறமில்லை, குடிப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. உடம்புக்குள் போனதும் கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலம் கண் நரம்பைத் தாக்கும். மூச்சைத் திணற வைக்கும். பல மணி நேரம் கழித்து, சில வேளை மறுநாள்தான் அடையாளம் தெரியும். வாந்தி, வயிற்று வலி, கண் மங்கல். வீட்டில் இருப்பவர்கள் “நேற்று அதிகமாய்ப் போட்டுவிட்டார், தூங்கட்டும்” என்று விட்டுவிடுவார்கள். அங்கேதான் உயிர் போகிறது. சீக்கிரம் மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் மாற்று மருந்து உண்டு, இரத்தச் சுத்திகரிப்பு உண்டு, காப்பாற்ற முடியும்.

இப்போது அந்த ருசி பார்க்கும் மேசையை மறுபடியும் பாருங்கள். குவளையில் இருப்பது என்ன, யார் காய்ச்சியது, எத்தனை விழுக்காடு சாராயம் என்று எல்லாம் சொல்லப்படுகிறது. விற்பவருக்கு உரிமம் உண்டு. ஒரு தவறு நடந்தால் யார் மீது வழக்குப் போடுவது என்பது தெளிவு. இங்கே, மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் கைமாறும் பாட்டிலில் ஒட்டியிருக்கும் லேபிள் நிஜமா பொய்யா என்று வாங்குபவனுக்குத் தெரியாது. காய்ச்சியவன் முகம் தெரியாது. செத்தால் யாரைப் பிடிப்பது என்றும் தெரியாது. குடிப்பது ஒரே சாராயம்தான். ஒருவனுக்கு முழு விவரம், இன்னொருவனுக்கு முழு இருட்டு!

வரிக் கணக்கிலும் இதே கதைதான். 2016 மார்ச் 1 முதல் மதுவில் உள்ள சுத்தச் சாராயத்தின் அளவை வைத்துக் கலால் வரி போடும் முறை வந்தது. லிட்டர் சுத்தச் சாராயத்துக்குப் பீருக்கு 175 வெள்ளி, சம்சு வகைகளுக்கு 60 வெள்ளி. கணக்குப் போடுங்கள். 30 விழுக்காடு சாராயம் உள்ள 700 மில்லி சம்சு பாட்டிலில் 210 மில்லி சுத்தச் சாராயம். அந்த முறையில் அதற்கு வரி 12 வெள்ளி 60 சென். அதே 210 மில்லி சாராயம் பீராக வந்தால் அது ஏறக்குறைய பதின்மூன்று டின். வரி 36 வெள்ளி 75 சென். உடம்புக்குள் போகும் சாராயம் ஒன்றுதான். வரி மூன்று மடங்கு. 2025 நவம்பர் 1 முதல் மது வரியை 10 விழுக்காடு ஏற்றினார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே விழுக்காடு ஏற்றினால் இந்த இடைவெளி எப்படிக் குறையும்? ஏழை எதைக் குடித்துச் சீக்கிரம் விழுவானோ அது மலிவு. மெதுவாகக் குடிக்கும் பானம் எட்டாத விலை. அதற்கும் கீழே, வரியே கட்டாத கள்ளச் சரக்கு காத்துக்கொண்டிருக்கிறது.

“குடிக்காமல் இருந்தால் பிரச்சினையே இல்லையே” என்று சிலர் சொல்வார்கள். குடிக்காமல் இருப்பது நல்லது. அதில் இரண்டாவது பேச்சு இல்லை. ஆனால் இந்தப் புத்திமதியை ஏன் நம் ஆளுக்கு மட்டும் சொல்கிறீர்கள்? பீர் விழாவுக்குப் போகிறவனிடம் யாரும் சொல்வதில்லையே! அவன் குடித்தால் ரசனை, இவன் குடித்தால் இனத்தின் குணம். இந்தப் பேச்சு வெள்ளைக்காரத் துரை காலத்திலேயே ஆரம்பித்தது. தோட்டத்திலேயே கள்ளுக்கடையை வைத்து, கொடுத்த கூலியை அங்கேயே திரும்ப வாங்கிக்கொண்டு, “தமிழன் குடிகாரன்” என்று எழுதி வைத்தார்கள்.

நம் தாத்தா பாட்டிமார் இதைப் புரிந்து வைத்திருந்தார்கள். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை நினைத்துப் பாருங்கள். ஆர்.எச்.நாதன் முன்னணியில் நின்ற அந்தப் போராட்டத்தில் கூலி உயர்வு கேட்டார்கள்; துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கச் சொன்னார்கள்; அதே பட்டியலில் கள்ளுக்கடையை மூடு என்றும் எழுதினார்கள். நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிர் போனது. 1947-இல் கெடா பீடோங் வட்டாரத்தில் ஏ.எம்.சாமி தலைமையில் தொண்டர் படை கள்ளுக்கடை முன் மறியல் செய்தது. அங்கேயும் போலீஸ் அடக்குமுறை, உயிர்ப்பலி, சிறை. பள்ளிக்கூடம் அதிகம் போகாத அந்த மக்கள் மதுவைக் கூலிப் பிரச்சினையாகவும் மானப் பிரச்சினையாகவும் பார்த்தார்கள். யாரிடமும் புத்திமதி கேட்டு நிற்கவில்லை, கோரிக்கை வைத்தார்கள்.

அந்தத் தோட்டங்கள் போய்விட்டன. கூலாய், லாயாங் லாயாங், ரெங்கம், உலு திராம் என்று நம் ஜொகூரில் லயத்தில் பிறந்து வளர்ந்த எத்தனையோ குடும்பங்கள் இன்று மலிவு விலை அடுக்குமாடிகளில் இருக்கின்றன. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் பாலத்தைத் தாண்டுகிறார்கள். கள்ளுக்கடை போன இடத்தில் சம்சு வந்தது; இப்போது கள்ளச் சரக்கும் வருகிறது. வார இறுதியில் சிங்கப்பூர்க் காசை நம்பி ஜொகூர் பாருவில் விளக்குப் போட்டுப் புது பீர் ஊற்றும் கடைகள் ஒரு பக்கம்; அதே ஊரில் எதைக் குடித்தோம் என்றே தெரியாமல் குடிக்கும் தொழிலாளி இன்னொரு பக்கம்.

சட்டம் என்ன சொல்கிறது? நாம் புதிதாக எதையும் கேட்கவில்லை. 1976-ஆம் ஆண்டு கலால் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது காய்ச்சுவதும் விற்பதும் குற்றம். உணவு விதிமுறைகளில் 2016-இல் செய்த திருத்தம் 2017 டிசம்பரில் வயது வரம்பை 18-இலிருந்து 21 ஆக்கியது. அதே திருத்தத்தில், கலப்பு மதுவை 700 மில்லிக்குக் குறைந்த பாட்டிலில் அடைக்கக்கூடாது என்றும் வந்தது. பையில் வைத்து வேலைக்குக் கொண்டுபோகும் குட்டிப் பாட்டிலை ஒழிக்கத்தான் அந்த விதி. குடித்தால் உடல் நலத்துக்குக் கேடு என்ற எச்சரிக்கையும் லேபிளில் இருக்க வேண்டும். ஆனால் அது மலாய் மொழியில் மட்டும்! அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் தண்டனைச் சட்டம் 304-ஏ இருக்கிறது. எழுத்தில் எல்லாம் இருக்கிறது. தாமானுக்குள் வந்து பார்க்கத்தான் ஆள் இல்லை.

கூட்டரசு அரசியல் சாசனத்தின் 5-ஆவது பிரிவு உயிருக்கான உரிமையைத் தருகிறது. 1996-இல் தான் தெக் செங் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி கோபால் ஸ்ரீ ராம், அந்தச் சொல்லுக்குள் மனிதன் வாழும் வாழ்க்கையின் தரமும் அடங்கும் என்று விரிவான பொருள் சொன்னார். 8-ஆவது பிரிவு சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்கிறது. மண்டபத்தில் குடிப்பவனுக்கு ஒரு பாதுகாப்பு, முச்சந்தியில் குடிப்பவனுக்கு ஒன்றுமில்லை என்றால் அது என்ன சமத்துவம்?

ஆகவே நம் கோரிக்கைகள் இவை:

1. மது உரிம விண்ணப்பம் வந்தால், தமிழ்ப்பள்ளிக்கும் கோயிலுக்கும் அருகில் வசிப்பவர்களுக்குத் தமிழிலும் அறிவிப்புக் கொடுத்து, உரிம வாரியம் அவர்களின் ஆட்சேபத்தை நேரில் கேட்க வேண்டும்.

2. எச்சரிக்கை வாசகமும் சாராய அளவும் தமிழிலும் பெரிய எழுத்தில் பாட்டிலில் வர வேண்டும்.

3. ஒரே அளவு சாராயத்துக்கு ஒரே வரி. அந்த வரியில் ஒரு பங்கு குடி நோய்க்குச் சிகிச்சை தர ஒதுக்கப்பட வேண்டும்.

4. சந்தேகத்துக்குரிய ஒவ்வொரு மெத்தனால் சாவுக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி மரண விசாரணை நடத்த வேண்டும்.

5. விஷ மது குடித்து மருத்துவமனைக்கு வரும் எந்தத் தொழிலாளியையும், கடப்பிதழ் கேட்டுப் பயமுறுத்தாமல் முதலில் காப்பாற்ற வேண்டும்.

குடும்பங்கள் செய்ய வேண்டியதும் உண்டு. உங்கள் தாமானில் மது விற்கும் கடையின் உரிமம் சுவரில் தொங்குகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மாவட்ட அலுவலகத்துக்கும் சுங்கத்துறைக்கும் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். வாய்ப்புகார் காற்றோடு போகும். நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகாதீர்கள், பத்துப் பேர் கையெழுத்தோடு போங்கள். வீட்டில் யாருக்காவது குடித்த பிறகு கண் மங்கினால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். மிச்சமிருக்கும் பாட்டிலை எறியாமல் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். மருத்துவருக்கு அது தடயம். நாளை நீதிமன்றத்தில் அதுவே சாட்சி.

கிராஃப்ட் பீர் விழா நடக்கட்டும். நடத்துபவர்கள் தங்கள் உரிமைக்குத் தாங்களே பேசிக்கொள்வார்கள். அவர்களுக்குப் பணமும் பத்திரிகையும் இருக்கிறது. நம் ஆளுக்காகப் பேச நம்மைத் தவிர யாரும் வரமாட்டார்கள். 1941-இல் தோட்டத்து மக்கள் கேட்டதை 21-ஆம் நூற்றாண்டிலும் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது நமக்கு வெட்கமில்லை. ஆண்டவர்களுக்கும் ஆள்பவர்களுக்கும்தான் வெட்கம். இந்த வாரமே உங்கள் தாமானில் அந்தப் பத்துக் கையெழுத்தைத் திரட்டுங்கள்!