கூலிச் சீட்டை நாங்களே படிக்க: பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமத் தையல் தொழிலாளர்களின் கோரிக்கை மனு

அனுப்புநர்
தலைவர், செயலாளர், பொருளாளர்,
தையல், நெசவுத் தொழிலாளர் சங்கம்,
பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டம்,
திருவனந்தபுரம் மாவட்டம்.

பெறுநர்
1. மாவட்ட ஆட்சியர் அவர்கள், திருவனந்தபுரம்.
2. மாவட்டத் தொழிலாளர் அலுவலர் அவர்கள், திருவனந்தபுரம்.
3. இயக்குநர் அவர்கள், கேரள மாநில சாட்சரதா மிஷன், திருவனந்தபுரம்.

பொருள்: தமிழ் பேசும் தையல் தொழிலாளர்களுக்கு வேலை நேரத்திலேயே மலையாள எழுத்து வகுப்பு நடத்துவது, கூலிச் சீட்டையும் நலநிதி விண்ணப்பங்களையும் இரு மொழியில் வழங்குவது, அரசுத் தையல் பணிகளை இவற்றோடு இணைப்பது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

இந்த மனுவைத் தமிழில் எழுதியிருக்கிறோம். மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் குறைகளை முறையிட அரசியலமைப்புச் சட்டத்தின் 350ஆம் பிரிவு உரிமை தருகிறது. தமிழ், கன்னட மொழிச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தங்கள் மொழியிலேயே எழுதலாம், பதிலும் அதே மொழியில் அனுப்பப்பட வேண்டும் என்று கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969இலேயே சொல்லிவிட்டது. எனவே தமிழில்தான் பதிலை எதிர்பார்க்கிறோம். மலையாளத்தில் வந்தால் அதைப் படித்துச் சொல்ல ஆள் தேட வேண்டியிருக்கும். இந்த மனுவே அந்தச் சிக்கலைப் பற்றியதுதான்.

1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. உறவுமுறைகள் எல்லைக் கோட்டின் இரு பக்கமும் அப்படியே இருக்கின்றன. அக்கா இஞ்சிவிளையில் வாழ்க்கைப்பட்டிருப்பார், தங்கை களியக்காவிளையில் இருப்பார், இருவரும் ஒரே யூனிட்டில் அடுத்தடுத்த மிஷினில் உட்கார்ந்து தைப்பார்கள். எங்கள் உறுப்பினர்களில் ஒரு பகுதியினர் பாறசாலை, காரோடு, செங்கல், தனுவச்சபுரம், உதியன்குளங்கரைப் பக்கங்களில் குடியிருப்பவர்கள். மற்றவர்கள் எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து காலை பஸ்ஸில் வந்து மாலையில் திரும்புகிறவர்கள். நைட்டி, சுடிதார், உள்பாவாடை, பள்ளிச் சீருடை தைக்கிறோம். சிலர் வீட்டுத் திண்ணையிலும் சிலர் ஐந்தாறு மிஷின் போட்ட சிறு யூனிட்டுகளிலும் வேலை செய்கிறோம். எல்லோருக்கும் பீஸ் கணக்கில்தான் கூலி.

எங்களுக்கு மலையாளம் பேசத் தெரியும். சண்டை போடும் அளவுக்கே தெரியும். எழுத்துதான் தெரியாது. தமிழ்வழியில் படித்தவர்கள் தமிழ் எழுத்தோடு நின்றோம், பாதியில் பள்ளியை விட்டவர்களுக்கு அதுவும் தடுமாற்றம். பேச்சைக் கேட்டு இவர்களுக்கு மொழிப் பிரச்சினையே இல்லை என்று அதிகாரிகள் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

கட்டிங் முடிந்த துணி கட்டாக வரும்போது அதனுடன் மலையாளத்தில் எழுதிய ஒரு சீட்டு இருக்கும். சைஸ், எண்ணிக்கை, திருப்பித் தர வேண்டிய நாள், பீஸ் ஒன்றுக்கு என்ன கூலி, எந்த இடத்தில் என்ன தையல் என்பதெல்லாம் அதில் இருக்கும். எண்களை மட்டும் நாங்கள் படிப்போம், மீதியைக் கேட்டுத் தெரிந்துகொள்வோம். வாரக் கடைசியில் கூலி நோட்டை நீட்டுவார்கள். துக (தொகை), கிழிவு, பாக்கி, ஒப்பு (கையெழுத்து) என்று நான்கு பத்தி. கிழிவு என்று வாயால் சொன்னால் பிடித்தம் என்று புரிந்துவிடும். எழுத்தில் இருந்தால் எந்தப் பத்தியில் பிடித்தம், எதில் பாக்கி என்று தெரியாமலே கடைசிக் கட்டத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம்.

எங்கள் உறுப்பினர் ஒருவருக்கு நேர்ந்ததை மட்டும் சொல்கிறோம். பக்கவாட்டில் இரட்டைத் தையல் போட வேண்டும் என்று சீட்டில் எழுதியிருந்தது. அவர் வழக்கம்போல ஒற்றைத் தையல் போட்டுக் கொண்டுபோனார். கட்டு முழுவதும் திரும்பி வந்தது. இரண்டு இரவு பிளேடால் ஒவ்வொரு தையலாகப் பிரித்து மறுபடி தைத்தார். அந்த வேலைக்குக் கூலி கிடையாது. தாமதத்துக்குப் பிடித்தம் வேறு. கேட்டபோது, “எழுதித்தானே தந்தோம்” என்றார் சூப்பர்வைசர். அவர் சொன்னதும் பொய்யில்லை.

இதைச் சரிசெய்ய அரசு புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 1991 ஏப்ரல் 18 அன்று முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்ட மாநிலம் இது. வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு மலையாளம் கற்பிக்க சாட்சரதா மிஷன் 2017இல் பெரும்பாவூரில் ‘சங்ஙாதி’ திட்டத்தைத் தொடங்கியது. ‘ஹமாரி மலையாளம்’ என்ற பாடநூல் இந்தி வழியாக மலையாளம் சொல்லித் தருகிறது. நல்ல திட்டம்தான். ஆனால் பாறசாலையில் தமிழ் எழுத்து தெரிந்த ஒரு பெண் இந்தியைச் சுற்றிக்கொண்டு மலையாளத்துக்கு வர வேண்டுமா? தமிழ் வழியாக ஒரு சிறிய பாடநூல் வேண்டும். தமிழில் ஒரே ‘க’ நிற்கும் இடத்தில் மலையாளத்தில் நான்கு எழுத்து இருப்பதை முதல் பக்கங்களிலேயே விளக்கினால் பாதித் தயக்கம் போய்விடும். பாடத்துக்குக் கதை வேண்டாம். கட்டுச் சீட்டு, கூலி நோட்டு, நலநிதி விண்ணப்பம், வங்கிப் பாஸ்புக், பஸ் பலகை இவையே பாடமாக இருக்கட்டும்.

வகுப்பு நேரம்தான் இந்த மனுவின் உயிர். மாலை வகுப்பு என்றால் கடைசி பஸ் போய்விடும், ஞாயிறு என்றால் வாரத் துணி துவைப்பது யார்? பீஸ் கூலிக்காரருக்கு ஒரு மணி நேரம் என்பது இத்தனை நைட்டி என்று கணக்கு. எனவே வாரம் இரண்டு மணி நேரம், வேலை நேரத்துக்குள், அந்தத் தொழிலாளியின் சராசரி பீஸ் வருமானத்தைக் கூலியாகக் கொடுத்து வகுப்பு நடத்த வேண்டும். அந்தச் செலவை யூனிட்டும் அரசும் பகிர்ந்துகொள்ளலாம். வீட்டில் தைப்பவர்களுக்குக் கிராம நூலகங்களில் பகல் வகுப்பு வைக்கலாம். இரு மொழியும் அறிந்த பெண்கள் எங்கள் ஊர்களிலேயே இருக்கிறார்கள். மிஷனின் வகுப்புகளை நடத்தும் பிரேரக்குகளோடு அவர்களையும் சம்பளத்துக்கு அமர்த்த வேண்டும். மெல்போர்ன், லண்டன் போன்ற நகரங்களில் அகதிப் பெண்களுக்குத் தையலையும் ஆங்கிலத்தையும் ஒரே கூரையின் கீழ் கற்பிக்கும் தையலகங்கள் உண்டு. வீட்டிலிருந்து வேலை செய்வோருக்கும் மற்றவர்களுக்கு இணையாகப் பயிற்சி கிடைக்க வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1996ஆம் ஆண்டு 177ஆம் உடன்படிக்கை கூறுகிறது. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை என்றாலும் மாவட்ட அளவில் ஒரு வகுப்பு தொடங்க அது தடையாகாது.

அதுவரை சீட்டும் கூலி நோட்டும் இரு எழுத்திலும் இருக்க வேண்டும். பத்துப் பதினைந்து சொற்கள்தான். தொழிலாளர் அலுவலகம் ஒரு மாதிரிப் படிவம் அச்சிட்டுக் கொடுத்தால் போதும். தொழிலாளியிடம் படித்துக் காட்டாமல் எந்தப் பிடித்தமும் செல்லாது என்ற உத்தரவும் தேவை.

அடுத்தது அரசே துணி வாங்குபவராக நிற்கும் இடம். 2017-18 கல்வியாண்டு முதல் பள்ளி மாணவர்களுக்குக் கைத்தறிச் சீருடைத் துணி இலவசமாக வழங்கப்படுகிறது. நெசவாளருக்கு வேலை கிடைக்க வேண்டும் என்ற நோக்கமும் அதில் உண்டு, நாங்கள் வரவேற்கிறோம். எங்கள் வட்டத்திலுள்ள பாலராமபுரத்தில், பாலராம வர்மா மகாராஜா காலத்தில் தெற்கிலிருந்து அழைத்துவரப்பட்ட சாலியர் குடும்பங்களின் தெருக்களில் இன்றும் தமிழ் கேட்கிறது. புவிசார் குறியீடு பெற்ற கசவுத் துணி அந்தத் தறிகளில் பிறந்தது. தமிழ் பேசும் நெசவாளரை மன்னராட்சியே தேடி அழைத்தது, தையல்காரியின் கூலிச் சீட்டில் நாலு தமிழ்ச் சொல் எழுத மக்களாட்சி தயங்கலாமா என்று எங்கள் கூட்டத்தில் ஒரு மூத்த நெசவாளர் கேட்டார். மனுவில் சேர்க்கச் சொன்னார், சேர்த்துவிட்டோம்.

நெசவுக்குக் காட்டும் அக்கறை தையலுக்கு வருவதில்லை. இயற்கைச் சாயம், ரசாயனம் தொடாத பருத்தி என்று அட்டை கட்டி விற்கும் கடைகளும் அப்படித்தான். நூலும் சாயமும் எங்கிருந்து வந்தன என்று எழுதுகிறார்கள். தைத்தவருக்குத் தன் கூலியைப் படிக்கத் தெரியுமா என்று கேட்பதில்லை. அதைக் கேட்காத உடையை அறவழி உடை என்று எங்களால் ஒப்புக்கொள்ள முடியாது. எனவே சீருடை, மருத்துவமனைத் துணி போன்ற அரசுத் தையல் பணிகளைத் தரும்போது, பீஸ் கூலியை இரு எழுத்திலும் சுவரில் ஒட்டியிருக்கும், கூலியோடு வகுப்பு நடத்தும் யூனிட்டுகளுக்கு முன்னுரிமை தர வேண்டும். 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஆடைத் தொழிற்சாலைப் பெண்களுக்காக ஏற்பட்ட ஒப்பந்தத்துக்கு வலு வந்ததே, துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனமும் கையெழுத்திட்டதால்தான். இங்கே வாங்குபவர் அரசாக இருக்கும்போது வேலை இன்னும் எளிது.

தையல் தொழிலாளர் நலநிதிச் சட்டம் கேரளத்தில் 1994இல் வந்தது. தமிழ்நாட்டிலும் தனியாகத் தையல் தொழிலாளர் நலவாரியம் உண்டு. களியக்காவிளையில் குடியிருந்து பாறசாலையில் தைப்பவர் எதில் சேர்வது? இங்கே போனால் ரேஷன் கார்டு அங்கே என்கிறார்கள், அங்கே போனால் வேலை இங்கே என்கிறார்கள். இதற்கு ஒரு பக்கத்தில் தமிழில் தெளிவான விளக்கம் தர வேண்டும். கன்னியாகுமரி மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து எல்லையில் ஒரு பதிவு முகாமும் நடத்த வேண்டும்.

வாரத்தில் ஒரு நாளாவது தமிழ் படிக்கத் தெரிந்த ஊழியர் ஒருவர் நெய்யாற்றின்கரை தொழிலாளர் அலுவலகத்தில் இருக்க வேண்டும். மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டவற்றில் இந்த வட்டத்தின் எந்தெந்தப் பகுதிகள் அடங்கும் என்பதை ஒவ்வொரு ஊராட்சி அலுவலக வாசலிலும் எழுதி வைக்க வேண்டும்.

துணிக்கடைப் பெண்கள் நாற்காலி கேட்டபோதும் பலர் சிரித்தார்கள். அவர்கள் விடாமல் போராடியதால் 2018இல் கேரளத்தில் உட்காரும் உரிமை சட்டமானது. 2021இல் தமிழ்நாடும் அதைப் பின்பற்றியது. வாரம் இரண்டு மணி நேரம் என்பது அதைவிடப் பெரிய கோரிக்கையாக எங்களுக்குத் தெரியவில்லை.

இது குறித்துப் பேச, தொழிலாளர் அலுவலர், சாட்சரதா மிஷன் பிரதிநிதி, யூனிட் உரிமையாளர்கள், எங்கள் சங்கத்தினர் கலந்துகொள்ளும் கூட்டம் ஒன்றைப் பாறசாலையில் கூட்டுமாறு கேட்டுக்கொள்கிறோம். வேலை நாளில் பகலில் வைத்தால் வருபவர்களுக்கு அன்றைய கூலி போய்விடும். ஞாயிறு பிற்பகல் என்றால் எல்லோரும் வருவோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர்,
சங்க உறுப்பினர்கள்.

நகல்: வட்டாட்சியர், நெய்யாற்றின்கரை, மாவட்ட ஆட்சியர், கன்னியாகுமரி மாவட்டம்.

இணைப்பு: கட்டுச் சீட்டு, கூலி நோட்டுப் பக்கங்களின் நகல்கள் (யூனிட்டுகளின் பெயர்கள் மறைக்கப்பட்டுள்ளன), இரு மொழிச் சீட்டுக்கு நாங்கள் எழுதிப் பார்த்த மாதிரிப் படிவம்.