கன்வெர்ட் பண்ணியாச்சு சரி, ஒரிஜினல் எங்கே?

"அதான் டிவிடி ஆக்கியாச்சே, இனி இந்த கேசட் எதுக்குங்க? தூக்கிப் போடுங்க!"

காரைக்குடி வட்டாரத்தில் பழைய கல்யாண வீடியோவை மாற்றக் கொடுத்தவர்கள் பலர் இந்த வசனத்தைக் கேட்டிருப்பார்கள். கேட்டுவிட்டுத் தலையாட்டியும் இருப்பார்கள். அந்தத் தலையாட்டலைக் கண்டித்துத்தான் இந்தக் கட்டுரை. வீடியோவை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது தப்பே இல்லை. மாற்றிய கையோடு மூலத்தைக் குப்பையில் போடுவதும், மாற்றத் தேவையே இல்லாததை மாற்றுவதும்தான் தப்பு.

இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா என்று கேட்பவர்கள் பக்கத்திலிருக்கும் கோட்டையூர் வரை போய் வரலாம். அந்த ஊர்க்காரர் ஏ.கே. செட்டியார். 1937 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாள். நியூயார்க்கிலிருந்து அயர்லாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த அந்த இளைஞருக்கு காந்தியைப் பற்றி ஒரு டாகுமெண்டரி எடுக்க வேண்டும் என்று தோன்றியது. பிறகு உலகம் முழுக்க அலைந்தார். ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் பயணம். முப்பது வருடங்களில் யார் யாரோ எடுத்து வைத்திருந்த படச்சுருள்களைத் தேடிப் பிடித்து 50,000 அடி சேர்த்தார். அதிலிருந்து 12,000 அடியைத் தொகுத்து 1940 ஆகஸ்டில் தமிழில் வெளியிட்டார். 35 எம்.எம். படம் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். ஆக, இரண்டே கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

அடுத்து மாற்றங்கள் ஆரம்பித்தன. தெலுங்கு வந்தது. இந்தி வந்து 1947 ஆகஸ்டில் டெல்லியில் திரையிடப்பட்டது. 1953இல் அமெரிக்காவில் ஆங்கில விளக்கத்தோடு, நீளத்தைக் குறைத்து, ஒரு வடிவம் செய்தார்கள். இன்று நம் கையில் என்ன இருக்கிறது? அந்தக் குறைக்கப்பட்ட ஆங்கில வடிவம்தான்! பல வருடங்கள் கழித்து வரலாற்றாய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி தேடியபோது அதுவும் அமெரிக்காவில்தான் கிடைத்தது. தமிழ் மூலம் கிடைக்கவில்லை. படம் எடுத்த கதையைச் செட்டியாரே எழுதியிருக்கிறார், 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்று புத்தகமாகவும் வந்துவிட்டது. படம் எப்படி எடுக்கப்பட்டது என்று தமிழில் படிக்கலாம். படத்தைத் தமிழில் பார்க்க முடியாது. என்ன கொடுமை இது!

ஒரு லட்சம் மைல் அலைந்து சேர்த்ததற்கே இந்த கதி என்றால், பரணில் கிடக்கும் அப்பத்தாவின் சஷ்டியப்த பூர்த்தி கேசட் எம்மாத்திரம்?

சரி, மேட்டருக்கு வருவோம். கேசட்டிலிருந்து மாற்றித்தான் ஆக வேண்டும், அதில் சந்தேகமே வேண்டாம். காந்த நாடா நாள்பட வலுவிழக்கும், பூஞ்சை பிடிக்கும். வி.சி.ஆர். தயாரித்துக்கொண்டிருந்த கடைசி கம்பெனியான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையோடு நிறுத்திக்கொண்டது. "ஒரிஜினல் புனிதமானது, தொடவே மாட்டேன்" என்று பீரோவில் பூட்டி வைக்கிறவருக்குக் கடைசியில் மிஞ்சுவது ஒரு பிளாஸ்டிக் டப்பாதான்.

ஆனால் எதற்கு மாற்றுகிறார்கள், எப்படி மாற்றுகிறார்கள் என்று பாருங்கள். ஒரு காலத்தில் வி.எச்.எஸ். கேசட்டை வி.சி.டி. ஆக்கினார்கள். வி.சி.டி.யின் படம் 352க்கு 288 புள்ளிதான். பிறகு அதே வி.சி.டி.யிலிருந்து டிவிடி. அதிலிருந்து எம்.பி.4. அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது தன் பங்குக்கு இன்னொரு முறை பிழிந்து எடுக்கும். ஒவ்வொரு படியிலும் சாஃப்ட்வேர் "கண்ணுக்குத் தெரியாது" என்று நினைக்கும் விவரத்தைக் கழித்துவிடுகிறது. கழிந்தது திரும்பாது. காமர்ஸ் படிக்கிறவர்களுக்குச் சுலபமாகப் புரியும், இது தேய்மானம்! வருடா வருடம் மதிப்பு குறைந்துகொண்டே வரும். நாலாவது நகலை "எச்.டி." ஆக்குகிறேன் என்று பெரிதாக்கினால் புள்ளிகளின் எண்ணிக்கைதான் கூடும், அப்பத்தா முகத்தில் போன சுருக்கம் திரும்பி வராது.

இதில் இன்னொரு கூத்து. பழைய வீடியோ 4:3 அளவில் இருக்கும். இன்றைய டிவி அகலமானது. பக்கத்தில் கறுப்புப் பட்டை வந்தால் கஸ்டமர் திட்டுவார் என்று படத்தை இழுத்து நிரப்பிவிடுகிறார்கள். மாப்பிள்ளை முகம் இட்லி மாதிரி ஆகிவிடுகிறது :-) கல்யாணத்தன்று அவர் ஒல்லியாகத்தான் இருந்தார் என்பதற்கு அப்புறம் சாட்சியே இல்லை.

தேவையில்லாத மாற்றம் தனி வியாதி. எம்.கே.வி., எம்.பி.4, ஏ.வி.ஐ. என்பதெல்லாம் பாத்திரத்தின் பெயர்கள். உள்ளே இருக்கும் சாப்பாடு எச்.264 ஆகவோ எம்பெக்-2 ஆகவோ வேறொன்றாகவோ இருக்கும். டிவியில் எம்.கே.வி. ஓடவில்லை, ஆனால் உள்ளே இருப்பது டிவிக்குத் தெரிந்த எச்.264தான் என்றால், சாப்பாட்டை எடுத்து வேறு தூக்குவாளியில் வைத்தால் போதும். எஃப்.எஃப்.எம்பெக் என்ற இலவச மென்பொருள் 2000லிருந்து இருக்கிறது. அதில் "அப்படியே காப்பி செய்" என்று சொன்னால் இரண்டு மணி நேரப் படம்கூட ஓரிரு நிமிஷத்தில் பாத்திரம் மாறிவிடும், ஒரு புள்ளிகூடக் குறையாது. அதை விட்டுவிட்டு ராத்திரி முழுக்க கம்ப்யூட்டரை ஓடவிட்டு, எல்லாவற்றையும் மறுபடி அரைத்து, தரத்தையும் குறைத்து, அதற்குக் காசும் வாங்குவது என்ன நியாயம்? (கோப்பின் பெயரில் கடைசி மூன்று எழுத்தை மட்டும் மாற்றிவிட்டு "கன்வெர்ட் பண்ணிட்டேன்" என்கிற மகான்களும் உண்டு. அவர்களால் பலன் இல்லை, நஷ்டமும் இல்லை.)

எடிட்டிங்குக்காக மாற்றுவது வேறு, அது நியாயமான தேவை. போனில் எடுத்த எச்.264, எச்.265 வீடியோவில் எல்லா ஃபிரேமும் முழுப் படமாக இருக்காது. ஒன்று முழுசாக இருக்கும். அடுத்து வருகிறவை முந்தியதிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் வைத்திருக்கும். பேரேட்டில் மாத ஆரம்பத்தில் ஆரம்ப இருப்பை எழுதிவிட்டு, பிறகு வரவு செலவு மட்டும் எழுதிக்கொண்டே போவது போல. 17ஆம் தேதி இருப்பு வேண்டும் என்றால் ஒன்றாம் தேதியிலிருந்து கூட்டிக்கொண்டு வர வேண்டும். எடிட்டிங்கில் முன்னும் பின்னும் இழுக்கும்போது கம்ப்யூட்டர் திணறுவது இதனால்தான். புரோரெஸ், டி.என்.எக்ஸ்.எச்.டி. போன்றவற்றில் ஒவ்வொரு பக்கத்திலும் முழு இருப்பு எழுதியிருக்கும். நோட்டு தடிக்கும், வேலை சுலபமாகும். போதாக்குறைக்குப் போன் வீடியோவில் ஃபிரேம் வேகம் ஏறி இறங்கும். அதை நிலையான வேகத்துக்கு மாற்றாமல் தொகுத்தால் போகப் போக நாதஸ்வரம் ஒரு பக்கம், வாசிக்கிறவர் விரல் இன்னொரு பக்கம்! ஆகவே எடிட்டிங்குக்கு மாற்றுங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் அது வேலைக்காக எடுத்த நகல். வேலை முடிந்ததும் அழிக்க வேண்டியது அந்த நகலை, மூலத்தை அல்ல. நடைமுறையில் தலைகீழாக நடக்கிறது. மூலத்தை அழித்து இடம் பண்ணுகிறார்கள்.

இதற்குச் சொல்லும் சாக்கு "ஹார்டு டிஸ்க்கில் இடம் இல்லை". கணக்குப் போட்டுப் பார்ப்போம். மினிடிவி கேசட் ஒன்றை உள்ளபடியே கம்ப்யூட்டரில் இறக்கினால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி. மூன்று மணி நேரக் கல்யாணம் 39 ஜிபி. ஒரு டெராபைட் டிஸ்க்கில் இருபத்தைந்து கல்யாணம் அடங்கும்! அதாவது ஒரு பங்காளி வகையறாவின் மொத்தக் கல்யாணங்களும். பந்தியில் ஒரு இலைக்கு ஆகும் செலவையும் ஒரு கல்யாணத்தின் பங்குக்கு வரும் டிஸ்க் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், இந்தச் சாக்கு சொல்ல வாய் வராது.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருப்பதுதான் வேடிக்கை. கணக்கை நகல் எடுத்த பிறகும் மூல ஏட்டைக் கிழிக்காமல் வைத்திருந்து, பர்மாவிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் செய்தவர்கள் இவர்கள். அதே வீடுகளில் கதவும் தூணும் கழற்றப்பட்டு முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்குப் போய்விட்டன. இடித்த வீட்டின் வளவு எப்படி இருந்தது, இரட்டைத் திண்ணையில் யார் உட்கார்ந்திருந்தார், இசைகுடிமானம் எழுதியபோது யார் குரல் கேட்டது என்பதெல்லாம் பல குடும்பங்களுக்கு அந்த ஒரு கேசட்டில்தான் இருக்கிறது. கதவை விற்றவருக்குக் காசாவது கிடைத்தது. கேசட்டைத் தூக்கிப் போட்டவருக்கு என்ன கிடைத்தது?

அடுத்த முறை மாற்றக் கொடுக்கும்போது கடைக்காரரிடம் மூன்று விஷயம் கேட்டு வாங்குங்கள். கேசட்டிலிருந்து முதலில் இறக்கிய பெரிய கோப்பு, போனிலும் டிவியிலும் பார்க்கச் சின்ன எம்.பி.4, அப்புறம் அந்தக் கேசட்டே. பெரிய கோப்பு இரண்டு டிஸ்க்கில், இரண்டு வீட்டில் இருக்கட்டும். "பெரிய ஃபைல் எல்லாம் தர்றதில்லைங்க" என்று பதில் வந்தால், கேசட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.