ரெண்டு சுழியா, மூணு சுழியா?

எழுதிப் பிழைக்க வந்தவளுக்கு ‘ன’, ‘ண’ குழப்பம் என்றால் சிரிப்பீர்கள்தானே? எனக்கு இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ‘ஆசிரியர் பணி’ என்ற தலைப்பை ‘ஆசிரியர் பனி’ என்று போட்டுவிட்டேன். வாசகர்கள் வறுத்தெடுத்துவிட்டார்கள். “எனக்கு இந்த வேலை வராதும்மா” என்று போனில் அழுதேன்.

போனை வாங்கிய அப்பா, “சந்திரசேகரைத் தெரியுமா?” என்றார். அப்பா ஒரு கிரிக்கெட் பைத்தியம்.

பி.எஸ்.சந்திரசேகர், 1945-ல் மைசூரில் பிறந்தவர். சிறுவயதில் போலியோ தாக்கி வலது கை சூம்பிப்போனது. ஃபீல்டிங்கில் பந்தை இடது கையால்தான் எறிவார். ஆனால், பந்து வீசியது அந்தச் சூம்பிய கையால்! மெலிந்த கை சாட்டைபோலச் சுழன்றதால்தான் அவரது லெக் ஸ்பின்னுக்கு அத்தனை வேகம் என்பார்கள். 1971-ல் லண்டன் ஓவல் மைதானத்தில் 38 ரன்களுக்கு 6 விக்கெட் எடுத்தார். இங்கிலாந்து 101 ரன்னில் சுருண்டது. அந்த மண்ணில் இந்தியா வென்ற முதல் டெஸ்ட் அதுதான். தொடரும் நமக்கே.

மீதிக் கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 58 டெஸ்ட்களில் அவர் எடுத்த விக்கெட்டுகள் 242. அடித்த ரன்களோ 167! பேட்டிங் கடைசிவரை கைகூடவில்லை. எல்லாக் குறையும் பலமாக மாறிவிடாது. எதோடு மல்லுக்கட்டுவது என்பதை நாம்தான் முடிவு செய்யவேண்டும்.

கேமரா முன்னால் பேசச் சொன்னால் எனக்கு இன்றும் கை நடுங்கும். அதை இப்போதைக்கு விட்டுவிட்டேன். எழுத்துப்பிழையை அப்படி விட முடியாது. அதுதானே சோறு போடுகிறது! ஒரு நோட்டு வாங்கி, தப்பாக எழுதிய ஒவ்வொரு சொல்லையும் குறித்துவைத்தேன். ஞாயிறுதோறும் புரட்டியதில் ஒன்று பிடிபட்டது. ‘ட’வுக்கு முன்னால் மூணு சுழி: வண்டி, நண்டு. ‘ற’வுக்கு முன்னால் ரெண்டு சுழி: கன்று, நன்றி. பள்ளியில் சொல்லித்தந்திருப்பார்கள். தப்பு செய்து செய்துதான் எனக்கு மனதில் நின்றது.

இப்போது பயிற்சிக்கு வரும் பிள்ளைகள், “அக்கா, இது ரெண்டு சுழியா, மூணு சுழியா?” என்று என்னிடம்தான் கேட்கிறார்கள். எங்கே சறுக்கும் என்று, சறுக்கி விழுந்தவளுக்குத்தானே தெரியும்! போன வாரமும் ஒரு பிழை விட்டேன். அதுவும் நோட்டில் ஏறிவிட்டது.

‘வளரும் மனப்பான்மை’ பற்றி எழுதிய உளவியலாளர் கரோல் டுவெக், ‘இன்னும்’ என்ற சொல்லுக்குப் பெரிய மதிப்பு கொடுக்கிறார். ‘எனக்கு வராது’ என்பதை ‘எனக்கு இன்னும் வரவில்லை’ என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள்.

உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் எதை எழுதப்போகிறீர்கள்?